போர்டுக்குக் குங்குமம்

“என்னட்டி, போன வேகத்துல திரும்பிட்ட?”

வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த மாடத்தி, மருமகளைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தாள். கோமதித்தாய் தூக்குச்சட்டியை அடுப்பங்கரையில் வைத்தாள். கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது.

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

“எட்டு மணின்னு போனேன் அத்தே. ஏழுக்கே தறி ஓடியிருக்கு. மேஸ்திரி உள்ள விடல. இன்னொருக்கா பிந்துனா வேற ஆளு பாத்துக்கிடுதோம்னுட்டாரு.”

“ஊருக்கே தெரிஞ்ச நேரம் ஒனக்கு மட்டும் தெரியலயாக்கும்?”

தெரியாதுதான். கரண்ட் வெட்டு மாறும்போதெல்லாம் விசைத்தறிக் கூடத்தில் வேலை நேரமும் மாறும். அதை மேஸ்திரி மருதப்பன் சாயங்காலம் டீக்கடையில் சொல்லுவார். ஆண்கள் கேட்டுக்கொண்டு போய் வீட்டில் சொல்லுவார்கள். நூல் சுற்றும் பெண்களுக்கு அப்படித்தான் சேதி வரும். போன ஆடியில் கோமதித்தாயின் புருஷன் காய்ச்சலில் போனான். அவனோடு சேதியும் நின்றது. காலையில் அடுத்த வீட்டில் கேட்கலாமென்றால், வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

கூடத்து வாசலில் ஒரு போர்டு உண்டு. ‘வேலை நேரம் காலை எட்டு மணி’ என்று பழைய முதலாளி பொன்னுச்சாமி சாக்கட்டியால் எழுதியது. எழுதிய மறுநாள் அவர் இறந்துபோனார். ஐயா எழுத்து என்று அதை யாரும் அழிக்கவில்லை. வெள்ளிதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ.

கோமதித்தாய்க்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. தறிச் சத்தம் கேட்டால் எழுந்தாள், நின்றாலும் எழுந்தாள். பொழுது சாயவும் நேரே டீக்கடைக்குப் போனாள். பெஞ்சில் பேச்சு நின்றது.

“அண்ணாச்சி, நாளைக்கு எத்தன மணிக்கு?”

மருதப்பன் கிளாஸைக் கீழே வைத்தார். “ஏட்டி, பொம்பள வார எடமா இது?”

“போர்டுல எழுதிப் போட்டா நான் ஏன் வாரேன்?”

“ஐயா எழுத்த அழிக்கச் சொல்லுதியோ? கை அழுகிப் போவும்.”

“அழிக்க வேண்டாம். கீழ எடம் சும்மாதான கெடக்கு.”

“நீயே எழுதேன், படிச்சவ!” என்றான் பெஞ்சில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆறு மணிக்கு வந்து தொல,” என்றார் மருதப்பன்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ஐயா எழுத்துக்குக் கீழே விரலால் எழுதினாள்: ‘நாளை ஆறு மணி.’

மறுநாள் காலையில் முதலாளி துரைப்பாண்டி வாசலில் நின்று கத்தினார். “எவ எழுதுனது?”

“நான்தான்.”

அவர் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போர்டிடம் போனார். அதைத் துடைத்தால் மேலே அப்பா எழுத்திலும் ஈரம் படும். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் மருதப்பன் நேரத்தை அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அவள் தினமும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா தாம்பாளத்தோடு வந்தாள்.

“ஏட்டி, பூசை முடியுத மட்டும் எதுக்க நிக்காத. அங்கன தள்ளிப் போ.”

கோமதித்தாய் தூண் மறைவுக்குப் போனாள். முதலாளியம்மா மாமனார் எழுத்துக்குப் பொட்டு வைத்தாள். கை போன போக்கில் கீழ் வரிக்கும் ஒன்று வைத்தாள், பெரிதாக. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளுக்கு நேரம் மாறியிருந்தது. கோமதித்தாய் வந்து கீழ் வரியைப் பொட்டோடு சேர்த்து விரலாலேயே துடைத்தாள். ‘நாளை ஏழு மணி’ என்று எழுதினாள். விரலில் ஏறிய சிவப்பை மட்டும் துடைக்காமல் தறிகளுக்கு நடுவே நடந்து போனாள்.