தக்காளித் தொட்டி

பொதுத் தோட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் செடி வளர்க்கக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டு, நான், ஒரு தையல்காரர், ஒரு பல் டாக்டர் எனச் சிலர் பயிற்சியில் சேர்ந்திருந்தோம். சம்பளமில்லாத வேலைதான். அன்று பாடம் நடத்திக் காட்ட வேண்டியது என் முறை. டீச்சர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தக்காளிச் செடி ஏன் வாடுது? எங்களுக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார்.

வகுப்பின் நடுவில் பொதுவாக வைத்திருந்த தொட்டி அது. மண்ணில் விரலை விட்டேன். ஒரே சேறு. வகுப்புக்கு வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவந்த மகராசி நான்தான்.

"தண்ணி அதிகமாகி வேர் அழுகிடுச்சு" என்றேன். அதோடு விட்டேனா? "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?" என்று சீறினேன்.

தையல்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "நான்தாங்க. பாவமா இருந்துச்சு, வர்றப்பல்லாம் கொஞ்சம் ஊத்தினேன்."

"ஐயோ, நானும்தான்" என்றார் பல் டாக்டர்.

இருவருமாக என் வயிற்றில் பால் வார்த்தார்கள். "நானும்தான்" என்று ஒத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து டீச்சரின் பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா! நான் மட்டும்தான்னு இல்ல நினைச்சேன்!"