புதுக்காட்டு மரத்தின் பெயர்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தபால் பை தூக்குகிறவன் நான். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் அலோர் காஜா டவுனுக்குப் போய்த் துரையின் கடிதங்களைக் கொண்டுவருவேன். அதனால் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷும் முக்கால்வாசி தெரியும் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்தில் மார் தட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த வாய்க்கொழுப்புதான் 1927இல் என்னை ஒரு வாரம் பைத்தியமாக அலையவிட்டது.

லூபோக் சீனாவை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் புதுக்காட்டு ரப்பர் மரங்கள் பால் வெட்டத் தயாராக நின்றன. புதுக்காடு திறக்கும் அன்று கைராசியுள்ள ஒருத்தி முதல் மரத்துக்குச் சூடம் காட்டி, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உத்தரவு கேட்டுவிட்டுத்தான் கத்தி வைப்பாள். எங்கள் வழக்கம் அது. தங்கையா கங்காணி இந்த முறை என் மனைவி இருசம்மாளைச் சொல்லிவிட்டார். லயமே பெருமைப்பட்டது. அவள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"என்னா பேரச் சொல்லிக் கூப்பிடுறதுங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"ரப்பர் மரமேன்னு கூப்பிடு லா. இதுக்குப் போயி யோசிக்கிறியே."

"போன தடவ அப்படித்தான் கூப்பிட்டேன்."

போன தடவை மேட்டுக்காட்டைத் திறந்தவளும் அவள்தான். எட்டாம் நாள் வயிற்றுப் பிள்ளை கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் மூன்று மாதம்.

"அது வெள்ளக்காரன் வச்ச பேருதானே? அதுக்கு என்னா அர்த்தம்னு நமக்குத் தெரியுமா? நல்ல பேரா, கெட்ட பேரா? கேட்டுட்டு வாங்க. சரியான பேரு தெரியாம நான் கத்தியத் தொட மாட்டேன்."

திங்கட்கிழமை காடு திறக்க வேண்டும். அன்று செவ்வாய்.

முதலில் துரையைக் கேட்டேன். தபால் பையை மேசையில் வைத்துவிட்டு, ரப்பர் என்றால் என்ன அர்த்தம் ஐயா என்றேன். அவர் பென்சிலால் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். ஒரு துண்டு ரப்பரை எடுத்து அதைத் தேய்த்து அழித்தார். தேய்ப்பதால் ரப்பர், அவ்வளவுதான் என்றார். அப்படியென்றால் மரத்துக்கு? மரத்துக்கும் அதே பெயர்தானாம். நான் சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பிள்ளை தங்க வேண்டுமே என்று பயந்து கிடக்கிறவளிடம் போய், அழிக்கிறவளே என்று மரத்தைக் கூப்பிடச் சொல்ல முடியுமா?

மறுநாள் அலோர் காஜா தபால் கந்தோரில் குமாஸ்தா ரொசாரியோவைப் பிடித்தேன். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் போர்த்துகீசிய வம்சத்துக்காரர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். "அது இங்கிலீஷ்காரன் பேச்சு, எங்கள் பாஷையில் பொராச்சா" என்றார் கெத்தாக. முற்காலத்தில் திராட்சைச் சாராயம் ஊற்றிவைக்கும் தோல்பைக்கு அந்தப் பெயராம். காட்டு ஜனங்கள் இந்தப் பாலில் குடுவை செய்வதைப் பார்த்துவிட்டு, இதற்கும் அதையே வைத்துவிட்டார்களாம். "குடிகாரியையும் பொராச்சா என்றுதான் சொல்வோம்" என்று சொல்லி, முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மஸ்ஜித் தானா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பூசை வைக்க ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வருவதாகக் கேள்விப்பட்டு அங்கே சைக்கிளை மிதித்தேன். புதுச்சேரியில் தமிழ் படித்தவர்.

"கேளும் நல்லமுத்து. நாங்கள் அதைக் கவுச்சூ என்போம். ஜெர்மானியர் கவுச்சுக் என்பர், ஸ்பானியர் காவ்ச்சோ என்பர். இது ஐரோப்பியச் சொல்லே அன்று. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மக்களின் சொல். அதை ஆளுக்கொரு விதமாய்த் திரித்துக்கொண்டோம்."

"அர்த்தம் சாமி?"

"மரத்தின் கண்ணீர் என்பார் சிலர். அது மெய்யோ பொய்யோ நான் அறியேன்."

வழியெல்லாம் தலை சுற்றியது. வெள்ளைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பாஷை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவன் அழிப்பான் என்கிறான், ஒருவன் சாராயப் பை என்கிறான், ஒருவர் கண்ணீர் என்கிறார், அதையும் அடித்துச் சொல்லமாட்டேன் என்கிறார். மரம் ஒன்றுதானே! எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது.

இருசுவிடம் ஒன்று விடாமல் கொட்டினேன். அவள் முதுகுக்குப் பின்னால் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து கேட்டாள்.

"அந்தக் காட்டு ஜனங்க சரியா என்னா சொல்லிக் கூப்பிட்டாங்க?"

"பாதிரியாருக்கே தெரியல."

"மரத்தக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தவன் கேக்கலியா?"

"அவன் எதுக்குக் கேக்கப் போறான்?"

அவள் என்னையே பார்த்தாள். தலையணையை உருவிப் போட்டுப் படுத்துவிட்டாள். நாளைக்கு எந்தப் பெயரைச் சொல்லப் போகிறாளோ என்று ஞாயிறு முழுக்க நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை முப்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் சூடத் தட்டோடு அவள் பக்கத்தில் நின்றேன். "மரத்தக் கூப்பிட்டு, ஒம் பேரையும் சொல்லி உத்தரவு கேளும்மா" என்றார் கங்காணி. இருசு மரப்பட்டையில் உள்ளங்கையை வைத்தாள். எனக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"ஒம் பேரு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் கேட்டாரு, யாருக்கும் தெரியல. கோவிச்சுக்காத. போன தடவ ஒம் பேரத் தப்பாச் சொன்னதாலதான் அப்படி ஆச்சுன்னு நெனச்சேன். எம் பேரையே தப்பாத்தானே சொன்னேன். இருசம்மா எங்க சின்னம்மா மக. இங்க வர்றதுக்குக் கங்காணிகிட்டப் பேரு குடுத்தவ அவ. நாகப்பட்டணத்துல பயந்து ஓடிப்போயிட்டா. அவ பேருல கப்பல் ஏறுனது நான். நான் பெரியநாயகி. இந்த வயித்துல இருக்கறது பெரியநாயகியோட புள்ள. நல்லாப் பாத்து வச்சுக்க."

கத்தியை வைத்து இழுத்தாள். வெள்ளைக் கோடு வழிந்து கீழே மாட்டியிருந்த மங்குக் கோப்பையில் சொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். என் கையில் சூடம் அணைந்து தட்டு சுட்டுக்கொண்டிருந்தது. ஏழு வருஷக் குடித்தனம். ஒரு மரத்தின் பெயருக்காக மூன்று வெள்ளைக்கார பாஷையைக் கிண்டியவன், இவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா? கோபம் வந்தது, அவள் மேலா என் மேலா தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

அவள் அடுத்த மரத்துக்கு நடந்தாள். பால் வாளியை மறந்து இங்கேயே விட்டுவிட்டுப் போகிறாள். கூப்பிட வாயைத் திறந்தேன். எந்தப் பெயரும் வரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.