உதட்டைத் தூக்க வேண்டாம்

திங்கட்கிழமை என் மேல்முன்பற்கள் இரண்டுக்குச் சிகிச்சை நடந்தது. புதன்கிழமை என் மனைவி ஜெயந்தினியின் முதலாம் ஆண்டுத் திருப்பலி. டெங்கு. நான்கு நாளில் போய்விட்டாள். சிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போட்டால் இன்னும் எட்டு மாதம் ஆகும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதுவரை பற்கள் நிற்காது.

அவற்றைச் சுற்றியிருந்த எலும்பு கரைந்திருந்தது. டொக்டர் சுவேதினி கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பற்களுக்கிடையில் முரசை, அந்த ஈற்றுச் சதையை, ஓர் அரிசி நீளத்துக்கு வெட்டி, வேரைச் சுத்தம் செய்து, உள்ளே ஒரு மருந்துக் களியை விட்டுத் தைத்தார். தலைமயிரை விட மெல்லிய நூல்.

"உள்ளுக்க உறைஞ்ச இரத்தம் அசையக் கூடாது. அதிலதான் எலும்பும் முரசும் திரும்ப வளரும். ஒரு கிழமைக்கு ஆறின கஞ்சி மட்டும். துப்ப வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பாக்கவும் வேண்டாம்."

புதன்கிழமை, பேசாலையில் மாமி வீடு, ஜெயந்தினியின் தாய்வீடு. பூசை முடிந்து உறவுக்காரர் நிறைந்திருந்தார்கள். ஆண்டுச் சாப்பாட்டில் இறந்தவருக்குப் பிடித்ததை முதலில் புருசன் அல்லது மனைவி சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அந்த வீட்டு வழக்கம் அது. மாமி றோசம்மா என் தட்டில் நண்டுக் குழம்பை ஊற்றினார்.

"எனக்குக் கஞ்சி மட்டும் காணும், மாமி. முரசு வெட்டித் தைச்சிருக்கு."

"எப்ப?"

"முந்தநாள்."

ஜெயந்தினியின் தம்பி நிலக்சன் எதிரே இருந்தான். "அக்காவின்ர ஆண்டுக்குப் பல்லுத் திருத்திக்கொண்டு வந்தவர் எங்கட அத்தான்தான். புதுப் பொம்பிளை எந்த ஊர்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

"ஒரு வருசம் பொறுக்கேலாமப் போச்சோ?"

"இல்லாட்டிப் பிடுங்க வேண்டி வந்திருக்கும். கிளினிக்கில என்ர பேரைப் பதிஞ்சது ஜெயந்தினிதான்."

"செத்த பிள்ளையின்ர தலையில போடாதை." அதுவரை என்னை நீங்கள் என்றுதான் கூப்பிட்டவர். "காயத்தைக் காட்டு."

"உதட்டைத் தூக்கக் கூடாது."

"நல்ல காயம்," என்றான் நிலக்சன். "பாக்கவும் ஏலாது, பொய்யெண்டு சொல்லவும் ஏலாது."

மாமி கரண்டியை வைத்தார். ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, மறு கைப் பெருவிரலால் மேலுதட்டை மூக்குவரை தூக்கினார். நான் தட்டிவிடவில்லை. உள்ளே ஏதோ இழுபட்டு விட்டது.

"ஒரு கீறலும் காணேல்லை," என்றார் எல்லோருக்கும் கேட்க.

காணக் கிடைக்காதபடி வெட்டுவதுதான் அந்தச் சிகிச்சை. அதை விளக்க நான் முயலவில்லை. உதட்டை மூடியதும் வாய்க்குள் இரத்தம் ஊறியது. தட்டில் துப்பியிருந்தால் நம்பியிருப்பார்கள். விழுங்கினேன்.

நண்டில் கை வைக்காமல் எழும்பினேன். அவ்வளவு பேருடைய சாப்பாடும் ஆறிக்கொண்டிருந்தது.

"இனி இந்த வீட்டு முற்றத்தை மிதியாதை," என்றார் மாமி. "அவளின்ர பூசைக்கும் வராதை."

ஏழாம் நாள் டொக்டர் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு தையல் அறுந்திருக்கு. ஆர் உதட்டைத் தூக்கினது?"

"நான்தான்."

"படிச்ச ஆள்தானே நீங்கள்?"

"பல்லு நிக்குமோ?"

"மற்றத் தையல் பிடிச்சிருக்கு. எலும்பு வளந்ததோ எண்டு ஒரு வருசம் கழிச்சு எக்ஸ்ரேயிலதான் தெரியும்." அட்டையில் திகதி எழுதி நீட்டினார். ஜெயந்தினியின் இரண்டாம் ஆண்டுப் பூசை நாள்.

"அண்டைக்கு வேற அலுவல் ஏதும் இருக்கோ?"

"இல்லை," என்றேன்.