செம்பு அண்டாவில் கம்பங்கூழ்

கலியாணசுந்தரத்தின் பட்டுக்கடை மாடிக்கு அன்று கம்பங்கூழ் குடிக்க வந்தவர்கள் எல்லாரும் காரில் வந்தவர்கள். கோரைப்பாயில் காலை மடக்க முடியாமல் ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்திருந்தார்கள். பின்சுவரில் ‘மண்வாசனை உணவு மன்றம்’ என்று ஃபிளெக்ஸ் தொங்கியது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற வரியும் அதே ஃபிளெக்ஸில்தான் இருந்தது.

மன்றத் தலைவர் கலியாணசுந்தரம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிய வருஷம் அவருக்கு ஞானமும் ஏறியது. வீட்டிலிருந்து முதலில் வெள்ளைச் சர்க்கரை போயிற்று, பிறகு மைதா, பிறகு குக்கர். மிக்சி போகவிருந்த அன்று மனைவி கமலவேணி அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுக்கிக் காப்பாற்றினாள். ஞாயிறு தவறாமல் காரை எடுத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் பக்கம் செக்கெண்ணெய்க்கும், பாலாற்றங்கரைப் பக்கம் கம்புக்கும் அலைவார். விவசாயியிடம் பேரம் பேசக் கூடாது என்று மன்றத்தில் பேசுவார். அந்த வேலையை முந்தின நாளே வயலில் முடித்திருப்பார்.

மன்றத்துக்கு ஒரு விதி உண்டு. உணவு கைக்கு வந்ததும் குடிக்கக் கூடாது. தலைவர் பேசி முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி இருந்தால் அவளுக்கு மட்டும் விலக்கு, முதல் அகப்பை அவளுக்கு. அன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் மருமகள் கலைவாணி. ஐந்து மாதம்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் கமலவேணி மாடியேறியபோது பேச்சு தொடங்கிவிட்டது. நடுவில் ஒரு பெரிய செம்பு அண்டா. விபூதிப் பட்டை போட்டு, சாமந்தி மாலை சுற்றி, கிட்டத்தட்ட மூலஸ்தானம்போல வைத்திருந்தார்கள். ‘எங்கேயிருந்து பிடித்தாரோ’ என்று நினைத்துக்கொண்டே சுற்றி வந்தவள் அப்படியே நின்றாள்.

அண்டாவின் ஒரு பக்க வளையம் செம்பு. மறுபக்கம் இரும்பு.

அந்த இரும்பு வளையத்தை மாட்டியவர் அவளுடைய அப்பா. பிள்ளையார்பாளையத்துச் சாயப் பட்டறையில், மண்டையோடு படம் போட்ட டப்பாக்களைத் திறந்து இந்த அண்டாவில்தான் கொட்டுவார். கொதிக்கும் சாயத்தில் பட்டு நூலைக் கழியில் மாட்டி அவளும் புரட்டியிருக்கிறாள். ஒருநாள் கழுவி ஊற்றிய தண்ணீரை அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி குடித்துவிட்டது. பச்சை நுரை கக்கிக்கொண்டு அது காலை உதைத்தது இப்போதும் அவள் கண்ணில் நின்றது.

கலைவாணியைப் பார்த்தாள். பக்கத்தில் டம்ளர் இருந்தது. காலியாக இருந்தது.

கமலவேணி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கணவரின் காதருகே குனிந்தாள்.

“ஏங்க, இது எங்கப்பாவோட சாய அண்டாங்க.”

அவர் மைக்கைக் கையால் மூடினார். “தெரியும். உன் தம்பி வீரபாகுதான் குடுத்தான். புளி போட்டு நல்லாத் தேய்ச்சாச்சு.”

“உள்ள ஈயமே பூசலீங்க. புளிச்ச கூழு ராவெல்லாம் இதுல இருந்திருக்குது. பாருங்க, ஓரமெல்லாம் பச்சையா களிம்பு பூத்துக்கினு.”

“கம்புன்னா பச்சையாதான் இருக்கும்.”

“கம்பு இப்படி இருக்காதுங்க. அப்பா போட்டது என்ன சாயம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஏன் தெரியாது? மஞ்சளு, மாதுளந்தோலு. எல்லாம் இயற்கை.”

கமலவேணி அவர் முகத்தைப் பார்த்தாள். மாமனார் படத்தைப் போட்டு, ‘மூன்று தலைமுறை இயற்கைச் சாயம்’ என்று சேலைப் பெட்டியில் லேபிள் ஒட்டி விற்றவர் அவர்தான். அது விற்பனைக்கு விட்ட கதை என்று அவரும் அறிவார், அவளும் அறிவாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கண்ணில் பொய்யின் சுவடே இல்லை. சொல்லிச் சொல்லி மனிதர் தானே நம்பிவிட்டிருந்தார். பொய் சொல்கிறவரிடம் மன்றாடலாம். இவரிடம் என்ன செய்வது?

“ஆகவே அன்பர்களே, இப்போது டம்ளரைக் கையில் எடுப்போம்,” என்றார் மைக்கில்.

முப்பது கைகள் எழுந்தன.

“யாரும் குடிக்காதீங்கப்பா,” என்றாள் கமலவேணி. கணவரின் மானத்தையும் காப்பாற்றப் பார்த்தாள். “அண்டாவுல ஈ விழுந்திடுச்சு. கீழ ஊத்திடலாம்.”

செயலாளர் உதயகுமார் சிரித்தார். செவிலிமேட்டில் புது வீடு, கம்ப்யூட்டர் வேலை. “ஈ வந்தா நல்லதும்மா. மருந்தடிக்காத சாப்பாட்டைத்தான் ஈ தேடி வரும்.”

கூட்டம் கைதட்டியது. டம்ளர்கள் உதட்டை நோக்கிப் போயின. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, “செம்போட மணமே தனிதான்,” என்றார்.

ஆட்டுக்குட்டி மறுபடி காலை உதைத்தது.

“இது சாயம் காய்ச்சின அண்டா,” என்றாள்.

டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. உதயகுமாரின் மனைவி துர்காதேவி மெதுவாகக் கேட்டாள்: “நேச்சுரல் டைதானே ஆண்ட்டி?”

கேட்டவள் கட்டியிருந்தது இந்தக் கடைச் சேலை. லேபிளைப் படித்துவிட்டு வாங்கியது. அங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் கட்டியிருந்தது அப்படி வாங்கியதுதான். கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் சரிபாதி இருந்தன.

“இல்லம்மா. டப்பா சாயம். மண்டையோடு படம் போட்டிருக்கும்.”

துர்காதேவி முதலில் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் முந்தானையை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.

அதற்குமேல் அங்கே நடந்தது எதையும் கமலவேணி பார்க்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி, வந்த ஆட்டோவை மறித்து, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிந்ததும் வாய் தானாக வேண்டத் தொடங்கியது. கை மருமகளின் வயிற்றை விட்டு நகரவில்லை.

“வயித்த வலிக்குதாம்மா? குமட்டுதா?”

“அத்தை, நான் அதைக் குடிக்கல.”

“டம்ளர் காலியா இருந்துச்சே.”

“வாயில வச்சதும் பழைய காசை நக்கின மாதிரி இருந்துச்சு. மாமா திரும்பினப்ப பின்னாடி செடித் தொட்டியில ஊத்திட்டேன்.” கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்குப் பசிக்கவும் இல்ல அத்தை. வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பரோட்டா சாப்பிட்டுட்டேன். மூணு மாசமா அப்படித்தான். மாமாகிட்ட சொல்லிடாதீங்க.”

மைதா. கமலவேணி அதை மனசுக்குள் வாழ்த்திக்கொண்டே மருமகளின் கன்னத்தைத் தடவினாள். ஆனாலும் ஆட்டோவைத் திருப்பவில்லை. டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவள் விடவில்லை. வாயில் வைத்ததைத் துப்பினாளா, விழுங்கினாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மாடிக்குத்தான் போனாள். ஃபிளெக்ஸ் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. கீழே கணவர் யாருக்கோ போனில், “அவளுக்குக் கொஞ்சம் பதட்டம் ஜாஸ்திங்க, அண்டா சுத்தம்தான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செடித் தொட்டியருகே குனிந்தாள். குரோட்டன்ஸ் இலைகள் நேற்றுப்போலவே பளபளவென்று இருந்தன. ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. இலையைத் தொட்டாள். பிளாஸ்டிக்.

அடியில் காய்ந்திருந்த கூழைத் தேடி எறும்புகள் சாரைசாரையாக வந்திருந்தன. வந்தவை எதுவும் திரும்பிப் போகாமல் அங்கேயே சுருண்டு செத்துக் கிடந்தன.

கமலவேணி தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள், அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க.