அடைக்கு வைத்த முட்டை

கீரனூரிலிருந்து மாதம் இரண்டு தடவை முட்டையோடு வரும் கூடை இந்த முறை காலியாக வந்தது. கூடவே நாகஜோதியின் மாமியார் சுந்தரம்மாளும் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"இனி முட்டை தரமாட்டேன் அம்மிணி. உசுரு இருக்குற முட்டைய உடைக்கிற. அந்தப் பாவந்தான் உன்ற வயித்துல நிக்கமாட்டேங்குது."

நாகஜோதிக்குக் கோபம் வரவில்லை. கோழிக்கருவில் முட்டைக்குழாய்கள் உருவாகும்போது செல்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் நாலு வருஷமாக அவள் செய்யும் ஆராய்ச்சி. கடை முட்டையில் கரு இருக்காது. சேவலோடு திரியும் மாமியாரின் கோழிகள்தான் கதி. ஆனால் இப்போது அவளை உறுத்தியது முட்டை இல்லை. பட்ட காலிலே படும் என்பார்கள்; இரண்டாவது கர்ப்பமும் மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. ஏன் என்று சொல்லும் ஸ்கேன் அறிக்கை ஆறு வாரமாக அவள் கைப்பையில் கிடந்தது. கணவன் மோகன்குமாருக்கு மட்டும் தெரியும். குறையை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று மாமியார் நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

"செத்த நேரம் இதுல பாருங்கத்தெ" என்று மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார வைத்தாள். "பழுப்பா தெரியுறது பசை மாதிரி. செல்லுக எல்லாம் அத வச்சுத்தான் ஒட்டிப் பிடிச்சிருக்கு. மனுசருக்கு இந்த மாதிரி ரெண்டு குழாயும் நடுவுல வந்து ஒட்டும். அப்புறம் நடுச்சுவர் கரைஞ்சு ஒரே அறையாகும், அதான் கர்ப்பப்பை. எனக்குச் சுவர் கரையல, அதான் கரு நிக்கல. நான் பிறக்கும்போதே அப்படி. எனக்கே இப்பத்தான் தெரியும். முட்டை உடைச்ச பாவம் இல்லத்தெ."

நூறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். சுந்தரம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணு பெருசு. ஒண்ணு சூம்பிக் கெடக்குது."

"பெட்டைக்கு வலது பக்கம் சுருங்கிரும் அத்தெ."

"இதத் தெரிஞ்சுக்கவா இத்தன முட்டைய உடைச்ச? எத்தன கோழி அறுத்திருக்கறேன். முட்டைக்குலை எப்பவும் ஒரு பக்கந்தான். அதுக்காவ முட்டை வெக்காமயா போச்சு?" என்றவள் நிமிர்ந்தாள். "அந்தச் செவுத்த எடுக்க முடியுமா?"

"சின்ன ஆபரேசன். அடுத்த மாசம் இருபத்தாறாம் தேதி."

சுந்தரம்மாள் காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மோகன்குமார் ஊரிலிருந்து கூடையைத் தூக்கிவந்தான். உமிக்குள் பதினாலு முட்டை. மேலே ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். கோழியை அடைக்கு வைக்கும்போது, இடியில் கரு கலங்காமலிருக்கக் கூடையில் போடுவது. நாகஜோதி முட்டைகளை இன்குபேட்டரில் அடுக்கி, அந்த மூன்றையும் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

மிச்ச உமியைக் கொட்டும்போது அடியிலிருந்து சின்னத் துணிமுடிச்சு ஒன்று விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். அதிலும் ஒரு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய்.

திரும்ப முடிந்து, கைப்பையில் ஆபரேசன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.