சீட்டை எந்த உயரத்தில் பற்றவைப்பது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் கூட்டத்தில் யதிராஜன் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வண்டி நன்னாத்தான் இருக்கு. உமக்குத்தான் பொருந்தலை" என்றார். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். கோபத்தில் எழுதினால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். மற்றவர்களுக்குக் கெட்டுப்போகலாம். எனக்குக் கோபம் வந்தால்தான் வாக்கியம் நேராக நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 1943. சண்டையினால் காகிதம் கிடைப்பதில்லை. பிடிக்காத பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் எழுதும் சொகுசு எனக்கு இல்லை. அடித்ததெல்லாம் அடித்தபடியே கிடக்கும். சகித்துக்கொள்ளுங்கள்.

2

[மேற்கு மலையில் மேகம் இறங்கியிருந்த ஒரு மாலைப் பொழுதில் —]

வேண்டாம். மலையில் தொடங்கினால் கீழே இறங்கி வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

[ரோசம்மாள் குள்ளம். அவள் புருஷன் இருதயம் நல்ல உயரம். வீட்டில் இருந்ததோ ஒரே —]

இது பரவாயில்லை. ஆனால் நீங்கள் இன்னும் எங்கள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தால்தான் இருதயத்தின் சங்கடம் விளங்கும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சாலையோரம் ஒரு புளியமரம். ஞாயிறு சாயங்காலம் இரண்டு ஊர் சைக்கிள் பைத்தியங்களும் அங்கே கூடுவோம். வண்டியைச் செயின் பக்கம் தெரியும்படி மரத்தில் சாய்த்து வைக்க வேண்டும். எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் கேட்க மாட்டோம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை ஓடிக் காட்டச் சொல்வார்களா? முதலில் அழகு. சீட்டும் ஹேண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, ஃப்ரேமின் கறுப்பில் முகம் தெரிகிறதா என்று பார்ப்போம். அதன்பிறகு பொருத்தம். சொந்தக்காரன் முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால் விரல்நுனி ஹேண்டில் தண்டைத் தொட வேண்டும். சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைக் கீழே விட்டால் விரல் பெடல் அச்சைத் தொட வேண்டும். யதிராஜன் ஆண்டாள் கோவிலைச் சேர்ந்த குடும்பம், ஜாதகம் பார்த்துப் பழகிய கண். இந்த இரண்டாவதை அவர் ரஜ்ஜுப் பொருத்தம் என்பார். அது தட்டினால் மற்றது எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

எங்கள் எல்லோரிலும் பத்துக்குப் பத்துப் பொருத்தம் வாங்கியவன் இருதயம் ஒருவன்தான். அவன் வண்டி வந்து நின்றால் யதிராஜன், "நம்ம தேர் நிலையில நிக்கறாப்பல இருக்கு பாரும்" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

3

இருதயத்தை முதலில் கெட்டவனாக எழுதினேன்.

[குடித்துவிட்டு வந்து சைக்கிளை ரோசம்மாளிடமிருந்து —]

அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பஞ்சுப்பேட்டையில் எடை போடுகிறான். பேட்டை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வார நாளில் அவனுக்குச் சைக்கிள் தேவையில்லை. நாள் முழுக்க யாராவது அவனை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறு ஒருநாள்தான் நாலு பேர் அவனை நின்று பார்ப்பார்கள். மனுஷனுக்கு வாரத்தில் ஒருநாளாவது தலை நிமிர வேண்டாமா? எனக்கு அவன்மேல் பிரியம்தான். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

வார நாளில் அந்தச் சைக்கிள் ரோசம்மாளுடையது. அவள் மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சி. செண்பகத்தோப்பு வரைக்கும், இந்தப் பக்கம் வத்திராயிருப்புப் பாதையில் உள்ள ஊர்களுக்கும் பிரசவம் பார்க்கப் போகிறவள்.*

* சேலை கட்டிக்கொண்டு பார் வைத்த சைக்கிளா என்று கேட்பீர்கள். என் மனைவி சண்முகத்தாயிடம் கேட்டேன். "நாத்து நடுதவ தார் பாய்ச்சிக் கட்டலியா? மரமே ஏறலாம்" என்றாள். கேட்டது போதும் என்று வந்துவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் இருதயம் ஸ்பானரை எடுத்துச் சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றுவான். திங்கள் விடியலில் அவள் உயரத்துக்கு இறக்குவான். இறக்கிவிட்டுக் காற்றும் அடித்து வைப்பான். இந்த விஷயம் புளியமரத்தடியில் ஒருவருக்கும் தெரியாது.

4

இப்போது விபத்து. கதையில் விபத்தை எழுத்தாளன்தான் செய்கிறான், நான் ஒளிக்கவில்லை.

ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, சீட் தண்டை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேமின் காது கீறல் விட்டது. அந்த ஞாயிறு அதைக் கண்டுபிடித்தது ராஜபாளையம் காளிராஜ்.

"ஏலே இருதயம், காது கீறிருச்சுல. இனிமே திருகுனா ஒடிஞ்சிரும். சமுத்திரம் அண்ணாச்சி பட்டறைக்குக் கொண்டு போயி ஒரேயடியாப் பத்தவச்சிரு. பொறவு ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. உனக்கென்னலே, உன் உயரத்துலதான இருக்கு, இப்பிடியே வச்சிர வேண்டியதுதான்."

(இன்னொரு சைக்கிள் வாங்கலாமே என்று நினைப்பீர்கள். புது வண்டி இந்தப் பக்கம் கண்ணில் பட்டே வெகுநாளாகிறது. நடு உயரத்தில் வைத்தால் என்ன என்றும் கேட்பீர்கள். இரண்டு பேருக்குமே பொருந்தாது. பஞ்சாயத்தில் பேசிச் சரிக்கட்ட இது வாய்க்கால் தகராறு இல்லை, கால்.)

காளிராஜ் பேசிக்கொண்டிருக்கும்போது யதிராஜன் குனிந்து கீறலைப் பார்த்தார். நிமிரும்போது கையைச் சீட்டின்மேல் ஊன்றினார். ஊன்றிய கையை எடுக்கவில்லை. தோல் சீட் உட்காருகிறவரின் அச்சை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் முழங்கை வைத்துப் பார்த்ததெல்லாம் சீட்டின் மூக்கைத்தான். மேலே தடவிப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

"இருதயம், பள்ளம் ரொம்ப முன்னாடி விழுந்திருக்கே. சின்ன ஆளா இருக்கணும். இதுல யாருங்காணும் உட்கார்றது?"

எல்லோரும் இருதயத்தைப் பார்த்தோம்.

5

முதல் முடிவு. "என் சம்சாரம்" என்கிறான் இருதயம். யதிராஜன் கண்கலங்கி அவன் தோளைத் தட்ட, [புளியமரம் பூச்சொரிந்து —] பொய். யதிராஜனை எனக்குத் தெரியும். திருமண் கலையுமென்று நெற்றி வியர்வையைக்கூட ஒற்றித்தான் எடுப்பார். அவராவது கண்கலங்குவதாவது.

இரண்டாம் முடிவு. "பழைய சீட்டு சாமி, மாத்தி வாங்குனது" என்கிறான். சீட்டை உயரத்திலேயே பற்றவைத்துவிடுகிறான். ரோசம்மாள் செண்பகத்தோப்புக்கு நடந்து போகிறாள். நிஜத்தில் இதுதான் நடக்கும். நடக்கிறதையே எழுதுவதற்கு நான் எதற்கு?

மூன்றாம் முடிவு. அந்த நேரம் பார்த்து ஆள் ஓடிவருகிறான். வனக்காவலர் வீட்டில் பிரசவ வலி. சீட்டை இறக்கினால்தான் ரோசம்மாள் போக முடியும். இறக்குகிறான். இதைப் பாதி எழுதிவிட்டு அடித்தேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்து நிறுத்தி அவன் கையை முறுக்குவது மலிவான வேலை. அவசரத்தில் எவனும் நல்லவன்தான். ஒரு அவசரமும் இல்லாத நாளில் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு வேண்டும்.

இவ்வளவு எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சண்முகத்தாயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் முறத்தில் பயறு பார்த்தபடியே கேட்டாள்.

"மூணுலயும் அவியதான முடிவு பண்ணுதாவ. அவ எங்க?"

"அவளை எப்படிப் புளியமரத்தடிக்குக் கூட்டிவருவது? அங்கே பொம்பளைகள் வருவதில்லை" என்றேன்.

"புளியமரத்தடியிலயா பத்தவைக்காவ? பட்டறையிலல்லா."

எனக்குச் சுருக்கென்றது. கதை என்னுடையது, பாத்திரங்களும் என்னுடையவர்கள். ஆனாலும் இத்தனை தாள் வரைக்கும் அந்தப் பட்டறை எனக்குத் தோன்றவே இல்லை.

6

திங்கட்கிழமை காலை. "சாயங்காலம் வந்து நானே கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு இருதயம் பேட்டைக்குப் போய்விட்டான். புளியமரத்தடியில் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னான் என்று வீட்டில் சொல்லவில்லை. கீறலை மட்டும் காட்டினான். ரோசம்மாள் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு சமுத்திரம் பட்டறைக்குப் போனாள்.

சமுத்திரம் கீறலைப் பார்த்தார். "பத்தவச்சிரலாம்மா. எம்புட்டு உயரத்துல வைக்க?"

அவள் தண்டை மெதுவாக இறக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, காலைப் பெடலில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"இம்புட்டு."

"இது உன் உயரமுல்லா தாயி. இருதயத்துட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"கேட்டா சரின்னுதான் சொல்லுவாவ அண்ணாச்சி. சொல்லிட்டு ஆயுசுக்கும் விட்டுக்குடுத்த மூஞ்சியோட இருப்பாவ. அத நான் தெனமும் பாக்கணும். கேக்காமச் செஞ்சா எம்மேல கோவப்படலாம். கோவம் ரெண்டு நாள்ல போயிரும். நீங்க பத்தவைங்க."

சமுத்திரம் துருத்தியை இழுத்தார்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது.

7

இருதயம் கோபப்பட்டான். இரண்டு நாள் என்றாள், நாலு நாள் ஆயிற்று. பேசாமல் சாப்பிட்டான், பேசாமலே காலையில் காற்றும் அடித்தான்.

இப்போது ஞாயிறு. காலையில் பூசைக்குப் போய்வந்தாயிற்று. வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் சைக்கிள் நிற்கிறது. சீட் கீழே, ஹேண்டில் மேலே, நாய் உட்கார்ந்த மாதிரி. அவன் ஏறினால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று அதையே பார்க்கிறான்.

உள்ளேயிருந்து ரோசம்மாள் சொல்கிறாள்: "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. காலையில எனக்கு வேணும்."

அவள் சொன்னதில் கேலி இல்லை, மன்னிப்பும் இல்லை. அவளுடைய சைக்கிளை இரவல் தருகிறாள், அவ்வளவுதான்.

அவனை உள்ளே திருப்பி அனுப்ப என்னால் முடியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரவைக்கவும் முடியும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே வந்தன. ஆனால் நான் இங்கே புளியமரத்தடியில் யதிராஜனோடும் காளிராஜோடும் நிற்கிறேன். போன வாரம் அவனைச் சுற்றி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவன் வருவானா என்று தீர்மானிக்கிற யோக்கியதை எங்களில் யாருக்கும் கிடையாது. நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவன் வருவதாக எழுதினால், பொருத்தம் பார்க்க யார் முழங்கையைச் சீட்டில் வைக்கச் சொல்வது என்று யதிராஜன் கேட்பார். அதற்கும் பதில் எழுத வேண்டும்.