கிருஷ்ணராஜ் சாரை நகரச் சொன்னது

எங்கள் கால்பந்து அணியில் கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் ஸ்டாப்பர் பேக் கிருஷ்ணராஜ் சார்தான் மெஷின் ஷாப்பில் எனக்கு சூப்பர்வைசர். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், இந்த சீசனில் நான் விட்ட கோல்களில் பாதியைப் புரிந்துகொள்ளலாம். மீதிப் பாதிக்கு நான்தான் காரணமோ என்று எனக்கே சந்தேகம் உண்டு.

ஹெப்பாளில் உள்ள எங்கள் கம்பெனி இந்த வருடம், தொண்ணூற்றாறில், என்னை வேலைக்கு எடுத்தது கோல்கீப்பராகத்தான். காலையில் மெஷின் ஷாப், மதியத்துக்கு மேல் பயிற்சி, ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் பி.காம். வேலை தற்காலிகம். அதை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று சீசன் முடிவில் சூப்பர்வைசரைக் கேட்பார்கள். அதாவது, மைதானத்தில் எனக்கு முன்னால் நின்று என் பார்வையை மறைக்கும் அதே மனிதரைக் கேட்பார்கள்.

கார்னர் அடித்தால் கோல் முன்னால் வரும் பந்து கீப்பருடையது. கீப்பர் கத்த வேண்டும், மற்றவர்கள் விலக வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கூடத் தெரியும். ஆனால் கிருஷ்ணராஜ் சார் விலக மாட்டார். மேலே வருகிற எல்லாப் பந்தும் தன் தலைக்காகவே வருகிறது என்று நினைப்பவர். ஜூலையில் நடந்த ஆட்டத்தில் நான் கையை நீட்டியிருக்கும்போதே எகிறி, பந்தை எங்கள் வலைக்குள்ளேயே முட்டிவிட்டார். பிறகு திரும்பி, எல்லோர் முன்னாலும், “ஏண்டா, கீப்பர்னு ஒருத்தன் இருக்கானா இல்லியா?” என்றார்.

நான், “சாரி சார்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கத்தாமல் இல்லை. “சார், விடுங்க சார், நான் எடுத்துக்கறேன் சார்” என்று கத்திக்கொண்டுதான் இருந்தேன். ரைட் பேக் பிரசாந்த் ஒருநாள் பொறுக்க முடியாமல் தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்: “குரு, நீ மனு குடுத்து அவரு சாங்ஷன் பண்றதுக்குள்ள கோல் ஆயிடுது. நவுருன்னு ஒரே வார்த்தை. ஆகல்லவா, முடியாதா?”

“அவர் என் சூப்பர்வைசர்டா.”

“அப்ப கோலுக்குள்ள ஒரு நாற்காலி போட்டு உக்கார வை.”

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்து, சிமெண்ட் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே கேட்பாள்: “பந்தைப் புடிக்கறதுக்குன்னுதானே சம்பளம் குடுக்கறாங்க? அதையும் புடிக்க மாட்டேங்கறியாமே?”

போன சனிக்கிழமை ஒரு பேங்க் அணியோடு அரையிறுதி. பர்சனல் ஆபீசர் குடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். இந்த ஆட்டத்தோடு என் விஷயம் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். மழையில் மைதானம் சேறாகிவிட்டது. கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

பந்து உயர்ந்தது. எனக்கான பந்துதான், சந்தேகமே இல்லை. கிருஷ்ணராஜ் சார் எகிறுவதற்காக முழங்காலை மடக்குவது தெரிந்தது. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

“கீப்பர் பந்து! நவுருய்யா!” என்று கத்தினேன்.

சார் இல்லை, மரியாதை இல்லை, ஒன்றும் இல்லை. அவர் சட்டென்று குனிந்து விலகினார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு வழி கிடைத்தது. பந்து நேராக என் இரண்டு கைக்குள் வந்தது. ஈரக் கையுறையில் வழுக்கி, நெஞ்சில் பட்டு, முழங்காலில் பட்டு, கோட்டைத் தாண்டிப் போய்ச் சேற்றில் நின்றது.

தோற்றுவிட்டோம். ஒரு சீசன் முழுக்க அவரைக் குறை சொன்னேன். கடைசியில் அவர் நகர்ந்தார், நான் விட்டேன்.

கம்பெனி வேனில் அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர், கோபம் வந்தால் தமிழ்தான்.

“நவுருன்ன.”

“ஆமா சார்.”

“நவுந்தேன்.”

“ஆமா சார்.”

“அப்பறம் என்னடா பண்ணின?”

நான் கையுறையைப் பிழிந்தேன். “இத்தன வருசமா ஆடறேன். ஒருத்தனும் என்னய நவுருன்னு சொன்னதில்ல. சொன்னவனும் இப்படிப்பட்டவன். இனிமே நீ தொண்டை கிழியக் கத்து, இம்மிகூட நவுர மாட்டேன்” என்றார். பின் சீட்டில் பிரசாந்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

ஞாயிறு முழுக்க வேறு வேலைக்கு எங்கே போவது என்று யோசித்தேன். நேற்று காலை கிருஷ்ணராஜ் சார் லேத் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பர்சனல்ல கேட்டாங்க. பர்மனென்ட் வேண்டாம்னுட்டேன்.”

தலையாட்டினேன்.

“அனுப்பிரலாமான்னாங்க. அதுவும் வேண்டாம்னுட்டேன். இன்னொரு சீசன் டெம்பரரியாவே இருக்கட்டும்.”

“தேங்க்ஸ் சார்.”

“தேங்க்ஸ் எதுக்கு? உன்னய அனுப்பினா புதுசா ஒருத்தன் வருவான். அவனும் மொதல்ல இருந்து சார் சார்னு ஆரம்பிப்பான். எனக்கு அந்தப் பொறுமை இல்ல. போ, போயி வேலையப் பாரு.”

இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப இன்னொரு வருசத்துக்கு இதே பேச்சுதானா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்று பயிற்சியில் பிரசாந்த் கார்னர் அடித்தான். “நவுருங்க!” என்று கத்தினேன். எப்படியோ ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சார் சொன்னபடியே நகரவில்லை. நான் நிற்கவில்லை. தோள்மேல் தோள் மோதி இருவரும் சேற்றில் விழுந்தோம். எழுந்து பார்த்தால் பந்து வலைக்குள்.

“உன் கோல்” என்றார்.

“உங்க கோல் சார்” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் பிரசாந்த் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா பல்லக் காட்டற? மறுபடி போடு!” என்று இருவரும் அவனைப் பார்த்துக் கத்தினோம்.